சிப்பிப்பட்டினத்துச் சந்துகளும் பல்லியின் நாக்கும்

பல்லிக்குப் பேச்சு இருந்த நாளில், தேரிக்கும் கடலுக்கும் நடுவே சிப்பிப்பட்டினம் என்று ஓர் ஊர் இருந்தது. மேற்கே தேரி என்கிற செம்மணல் மேடு, கிழக்கே கடல். கடற்பாறைக் கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

அந்த ஊரில் நேரான தெரு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் சந்துகள். பத்து வீடு போனதும் சந்து ஒரு பக்கம் திரும்பும். இன்னும் பத்து வீடு போனால் மறுபக்கம் திரும்பும். திரும்புகிற இடத்துக்கு முக்கு என்று பேர். உப்பு முக்கு, நண்டு முக்கு, கயிற்று முக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பேர் உண்டு. ஆனி ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று தேரி மணலை வாரிக்கொண்டு வரும். முதல் முக்கில் மோதி மணலைக் கொட்டிவிடும். மூன்றாம் முக்கைத் தாண்டி வரும்போது அது வேர்வை ஆற்றுகிற காற்றாக இருக்கும். அந்த நிழலில் உட்கார்ந்துதான் ஊர்க்காரர்கள் கிழிந்த வலையைப் பொத்தினார்கள், கருவாடு ஆய்ந்தார்கள், கல்யாணம் பேசினார்கள்.

சந்து குறுகலானது. தண்ணீர்க் குடத்தோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தி சுவரோடு ஒதுங்கி வழிவிட வேண்டும். வழிவிட்டவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியுமா? அதனாலேயே அங்கே சண்டை போட்டவர்கள் இரண்டு நாளுக்கு மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்ததில்லை.

அந்தச் சுவர்களில் வாழ்ந்த பல்லிக்கு ஓயாத வாய். "நண்டு முக்குல குழம்பு கொதிக்குது, கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று ஒரு வீட்டில் சொல்லும். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், கஞ்சி காய்ச்சுங்க" என்று இன்னொரு வீட்டில் சொல்லும். ஊரில் எந்தச் சுவர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதற்குத்தான் அத்துபடி.

கயிற்று முக்கில் பேராச்சி என்று ஒருத்தி இருந்தாள். தென்னை நாரில் கயிறு திரிப்பது அவள் வேலை. ஆறு வயதில் வந்த அம்மை அவளுடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் தினமும் அவளே தனியாகப் போய்த் தண்ணீர் எடுத்து வருவாள். இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நடப்பாள். ஏழாவது முக்கில் கிணறு.

"பயமா இல்லையாட்டி?" என்று கேட்பாள் பக்கத்து வீட்டுச் சடைச்சி. சடைச்சி கொத்து வேலைக்காரி. அந்த ஊரில் பாதிச் சுவர் அவள் கையால் எழும்பியது.

"என்ன பயம் மதினி? சுவரு கூட்டிட்டுப் போகுது. நான் சும்மா நடக்கேன்" என்பாள் பேராச்சி.

ஒரு கார்த்திகை மாதம் கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் காலையில் கடல் எழுந்து ஊருக்குள் வந்தது. எல்லோரும் தேரி மேட்டை நோக்கி ஓடினார்கள். சந்துகளில் ஆடும் மாடும் மனிதரும் நெருக்கியடித்தார்கள். உப்பு முக்கில் ஒரு கைவண்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் பதினோரு பேர் மேட்டுக்கு வந்து சேரவில்லை. ஊர்த்தலைவர் அரியமுத்துவின் தம்பி மந்திரமும் அவர்களில் ஒருவன்.

சடைச்சி பேராச்சியைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியதால் அவர்கள் பிழைத்தார்கள். பேராச்சியின் நார்க்கூடையில் ஒட்டிக்கொண்டு பல்லியும் பிழைத்தது.

தண்ணீர் வடிந்த பிறகு இறங்கி வந்து பார்த்தார்கள். ஊர் இருந்த இடத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மணல்தான் கிடந்தது.

அரியமுத்து ஒரு கம்பை எடுத்து மணலில் நான்கு கோடு கிழித்தார். நான்கும் கடலிலிருந்து தேரிவரை நேராக ஓடின. "இனிமே ஊர் இப்படித்தான் இருக்கும். மூணு வண்டி ஒண்ணா போகிற அகலம். கடல் வந்தா ஓட வழி வேணும்" என்றார்.  

சடைச்சி மட்டும் மெதுவாகச் சொன்னாள். "ஓட வழி வேணும்தான் அண்ணாச்சி. அதுக்கு ஒரு தெரு போதாதா? பழைய சந்தெல்லாம் கீழேயே கிடக்கும். கடல் சுவரைத் தள்ளியிருக்கும், அஸ்திவாரத்தைப் பெயர்த்திருக்காது. அது மேலயே கட்டினா நம்ம ஊரு நமக்குக் கிடைச்சிடும்."

"எந்தச் சுவரு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு அம்புட்டும் தெரியாது. பல்லிக்குத் தெரியும்."

அரியமுத்து பல்லியைத் தம் உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டார். "நேர்த்தெருவுல வீட்டுக்கு வீடு வாசல்ல ரெண்டு விளக்கு மாடம் வைக்கப் போறேன். உனக்குப் பூச்சிக்குப் பஞ்சமிருக்காது. இப்ப சொல்லு. கீழே ஏதாவது மிஞ்சியிருக்கா?"

முந்தின நாள்தான் பல்லி மணலுக்குள் இறங்கிப் பார்த்திருந்தது. அஸ்திவாரம் கல் அசையாமல் இருந்தது. ஆனால் எதிரே தலைவரின் கண்கள் பத்து நாள் அழுது சிவந்திருந்தன. விளக்கு மாடங்களும் மனசில் வந்து நின்றன. இந்த இரண்டில் எது தன் மனசை மாற்றியது என்று பல்லிக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை.

"ஒண்ணும் இல்லை. எல்லாத்தையும் கடல் கொண்டுட்டுப் போயிட்டு" என்றது.

மாசிக்குள் புது ஊர் எழுந்தது. இப்போதைக்குக் கம்பு நட்டு ஓலை வேய்ந்த வீடுகள். கல் வீடு அடுத்த வருஷம் கட்டலாம் என்று முடிவு. தெருக்கள் அகலமாக, வெளிச்சமாக இருந்தன. முதலில் எல்லோருக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். வண்டிகள் உரசாமல் போய்வந்தன.

வெயில் ஏறிய பிறகுதான் உட்கார நிழல் இல்லை என்பது தெரிந்தது. எதிர்வீட்டுக்காரியிடம் ஒன்று கேட்க வேண்டுமானால் கத்த வேண்டியிருந்தது. கத்திச் சலித்தவர்கள் கேட்பதை விட்டார்கள். வலை பொத்துகிறவர் அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்து பொத்தினார். பங்குனியில் வாய்த்தகராறு செய்துகொண்ட இரண்டு சம்பந்திகள் வைகாசி வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை. தெருவின் இந்த ஓரமாக ஒருவரும் அந்த ஓரமாக ஒருவரும் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஆனியில் கச்சான் காற்று கிளம்பியது. தேரியிலிருந்து புறப்பட்ட மணல் எதிலும் முட்டாமல் நான்கு தெருக்களிலும் நேரே ஓடிவந்தது. சோற்றில் மணல், பாயில் மணல், பிள்ளைகளின் கண்ணில் மணல். பகலிலேயே கதவுகளை அடைத்துக்கொண்டு இருந்தார்கள்.

பேராச்சிக்குத் தொட்டுக்கொண்டு நடக்க இப்போது சுவர் இல்லை. பழைய கிணறு மணலுக்குள் போய்விட்டதால், புதிதாகத் தோண்டிய கிணற்றுக்குத் தினமும் சடைச்சிதான் அவளை அழைத்துப்போவாள். ஒருநாள் காற்று சடைச்சியின் கூரையைப் பிய்த்துவிட்டது. ஓலை வெட்ட அவள் தேரிக்குப் போயிருந்தாள். நடுப்பகல் ஆகியும் அவளைக் காணாததால் பேராச்சி தானே குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் காற்று அவளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. எண்ணிக்கையும் போயிற்று, திசையும் போயிற்று.

"யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள். கதவுகள் திறக்கவில்லை.

வாசல் மாடத்தில் இருந்த பல்லி அவளைப் பார்த்துவிட்டது. "பேராச்சி! அந்தப் பக்கம் போகாத, திரும்பு!" என்று கத்தியது. காற்று அந்தச் சத்தத்தை விழுங்கியது. இறங்கி ஓடப் பார்த்தது. காற்று அதைக் கொதிக்கிற மணலில் தூக்கி வீசியது.

காற்று முதுகைத் தள்ளத் தள்ளப் பேராச்சி நடந்தாள். காலடியில் ஈரம் தட்டியது. கிணற்றடிக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக் குடத்தோடு குனிந்தாள். அலை வந்து அவள் காலை வாரியது.

தேரி மேட்டில் நின்ற சடைச்சி தற்செயலாகத் திரும்பினாள். நேர்த்தெருவின் மறு கோடியில், தண்ணீருக்குள் ஒரு சேலை தெரிந்தது. ஓலையைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் பாய்ந்து பேராச்சியின் கூந்தலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். அதற்குள் சடைச்சி போட்ட சத்தம் கேட்டு ஊரே கூடிவிட்டது. அரியமுத்துவும் வந்து நின்றார்.

பேராச்சி உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு, "கிணறு எங்க மதினி?" என்று கேட்டாள். 

அப்போது கூட்டத்தின் கால்களுக்கு இடையில் ஊர்ந்து வந்தது பல்லி.

"அஸ்திவாரம் இருக்கு. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றது.

 ஆளாளுக்குக் கத்தினார்கள். "அன்னைக்குச் சொன்னது பொய்னா இன்னைக்குச் சொல்லுறதை எப்படி நம்புறது?" என்றார் ஒருவர். "நசுக்கிப் போடுங்க அதை" என்றார் இன்னொருவர்.

அரியமுத்து கையை உயர்த்தினார். "மாடத்தைக் காட்டிக் கேட்டவன் நான். தப்பு எனக்கும் உண்டு" என்றார்.

பேராச்சி எழுந்து உட்கார்ந்தாள். "இறங்கிப் பார்க்கட்டும். சுவரு தட்டுப்பட்டா அங்கேயிருந்து சொல்லட்டும். நான் கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் பல்லி மணலுக்குள் இறங்கியது. பேராச்சி தரையில் படுத்துக் காதை மணலோடு வைத்துக்கொண்டாள். ஓர் ஆள் உயர மணலைத் தாண்டிப் பேச்சு மேலே வரவில்லை. அதனால் சுவரைத் தொட்ட இடத்தில் பல்லி நாக்கைத் தட்டியது. ட்ச், ட்ச், ட்ச். மற்றவர்களுக்கு அதுவும் கேட்கவில்லை, பேராச்சிக்குக் கேட்டது. கேட்டுவிட்டது என்று அதற்குத் தெரிய வேண்டுமே! அவள் விரலை மடக்கி, தரையில் மூன்று தட்டுத் தட்டினாள்.

சடைச்சி அங்கே தோண்டினாள். கல் தட்டுப்பட்டது.

கூட்டத்திலிருந்து ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். பிறகு இன்னொருவர். அந்தச் சம்பந்திகள் இருவரும் ஒரே குழியின் இரண்டு பக்கமும் நின்று மணல் அள்ளினார்கள். பல்லி தட்டத் தட்ட, பேராச்சி பதில் தட்டத் தட்ட, நண்டு முக்கு கிடைத்தது, கயிற்று முக்கு கிடைத்தது. ஐந்து நாளில் ஆறு முக்குகள் வெளியே வந்தன. ஏழாவதான கிணற்று முக்கு மட்டும் பாக்கி.

ஆறாம் நாள் பல்லி மேலே வந்தபோது சடைச்சி அதை நிறுத்தினாள். "போதும், இனி இறங்காத. கிணத்து முக்குக்கு முன்னால என் சுண்ணாம்புக் குழி இருக்கு. கடல் வாரதுக்கு முந்தின வாரம் நீத்துப் போட்ட சுண்ணாம்பு. ஈரத்துலயே கிடக்கு, இன்னும் காரம் போயிருக்காது, பட்டா வெந்துபோகும். நாங்க தோண்டித் தேடிக்கிடுதோம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு மாசம் ஆகும். எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியலையே."

பல்லி பேராச்சியைப் பார்த்தது. ஆடி பிறக்க இரண்டே நாள் இருந்தது; காற்று இன்னும் ஏறும். "கிணத்துக்கு எப்படிப் போவ?" என்று அவளிடம் கேட்டது.

"மதினி கூட்டிட்டுப் போவா."

"நீ தனியாப் போனவ" என்று சொல்லிவிட்டுப் பல்லி மணலுக்குள் நுழைந்தது.

வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பேராச்சி காதை எடுக்கவில்லை. அரியமுத்து அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் உச்சிக்கு வந்தபோது பேராச்சியின் முகம் மாறியது. முன்னைவிட மெலிதாக, ஈரமாகக் கேட்டது: ட்ச், ட்ச், ட்ச். அவள் தட்டினாள். அங்கே தோண்டினார்கள். கிணற்று முக்கு திரும்புகிற மூலைக்கல் வெள்ளையாகத் தெரிந்தது.

அந்தக் குழியிலிருந்து பல்லி ஏறி வந்தது. உடம்பெல்லாம் சுண்ணாம்பில் வெளுத்துப் போயிருந்தது. பேராச்சி உள்ளங்கையை நீட்டினாள். பல்லி அதில் ஏறி, அவளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. நாக்கு வெந்து போயிருந்தது. வார்த்தை ஒன்றும் வரவில்லை. ட்ச், ட்ச், ட்ச் என்றது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் அரியமுத்து.

"தெரியலை அண்ணாச்சி. ஆனா நிசத்தைத்தான் சொல்லுது" என்றாள் பேராச்சி. குனிந்து தரையில் மூன்று முறை தட்டினாள்.

நான்கு நேர்த்தெருக்களில் மூன்றை எடுத்துவிட்டார்கள். ஒன்றை மட்டும், கடலிலிருந்து தேரிக்குப் போகிற நடுத்தெருவை, அரியமுத்து கேட்டபடியே விட்டார்கள். இரண்டு பக்கமும் பூவரசு நட்டார்கள். மற்ற இடமெல்லாம் பழைய அஸ்திவாரத்தின் மேலேயே சுவர்கள் எழும்பின. எல்லாச் சந்திலிருந்தும் நடுத்தெருவுக்கு ஒரு திறப்பு வைத்தாள் சடைச்சி. உப்பு முக்கில் கட்டிய மூலைச் சுவரை, எந்த வண்டியும் மாட்டிக்கொள்ளாதபடி முனை இல்லாமல் உருட்டையாகப் பூசினாள். பூசி முடிக்கும்வரை அரியமுத்து வெயிலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லிக்கு அதன்பின் பேச்சு திரும்பவில்லை. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கையில் சுவரில் பல்லி சத்தமிட்டால், பேச்சை நிறுத்தி, "பாத்தியா, உண்மை" என்று சொல்லி விரலால் தரையைத் தட்டுகிற பழக்கம் நம் வீடுகளில் வந்தது அன்றைக்குத்தான். கீழே இருந்து சொன்னது மேலே கேட்டுவிட்டது என்று அதற்குத் தெரிவிக்கிறோம்.