அடுப்படியில் பிறந்த அண்டம்

வேலங்குறிச்சி சமஸ்தானத்தை ஒரு குதிரை மூச்சு வாங்காமல் ஓடிக் கடந்துவிடும். அதன் ராஜா கஜேந்திர பூபதியின் பட்டங்களைக் கட்டியக்காரன் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் குதிரை திரும்பியும் வந்துவிடும். அவ்வளவு சின்ன ஊர், அவ்வளவு பெரிய ராஜா.

நவராத்திரி சபைக்குச் சென்னையிலிருந்து ஒரு வானசாஸ்திரப் பேராசிரியர் வந்திருந்தார். அண்டம் முழுவதும் ஒரு காலத்தில் தாங்க முடியாத சூட்டோடு கடுகிலும் சிறிதாக ஒடுங்கிக் கிடந்தது, அன்று விரியத் தொடங்கியது இன்றும் விரிகிறது, தொலைவிலுள்ள நட்சத்திர மண்டலங்கள் எல்லாம் நம்மை விட்டு விலகி ஓடுகின்றன என்று விளக்கினார். ராஜா பாதிப் பேச்சைத் தூங்கிக் கழித்தார். விழித்திருந்த பாதியில் அவர் காதில் நின்றது 'நம்மை விட்டு' என்பது மட்டும்தான். எல்லாம் நம்மை விட்டு ஓடுகிறதென்றால் நடுவில் இருப்பது நாம்தானே? அப்படியானால் அண்டம் பிறந்ததே வேலங்குறிச்சியில்தானே? உடனே உத்தரவு போட்டார். அது பிறந்த இடத்தைக் கண்டுபிடித்து மண்டபம் கட்ட வேண்டும்.

பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சால்வை போர்த்தி உட்கார வைத்துவிட்டார்கள்.

இடம் குறிக்கும் வேலை அரண்மனை ஜோசியர் பராங்குசத்திடம் போனது. அவருக்குச் சபையின் வாய்த்துடுக்குக்காரன் நாகலிங்கத்தின் மேல் தீராத கடுப்பு. ஜோசியர் மழை என்று குறித்துக் கொடுத்த நாளில்தான் அரண்மனையில் தைரியமாக வடாம் காயப்போடுகிறார்கள் என்று அவன் ஒருமுறை ராஜாவிடமே சொல்லியிருந்தான். அன்றைய சிரிப்பு ஜோசியர் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சோழி உருட்டினார், விரல் மடக்கினார், கண்ணை மூடினார். அண்டம் பிறந்த இடம் நாகலிங்கத்தின் சமையலறை, அதிலும் சரியாக அடுப்புக்குக் கீழே என்று வந்தது.

அந்தச் சமஸ்தானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் மூதாதை ஒரு மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர். அந்தத் தொழுவத்தைச் சுற்றி மதில் எழுப்பி, 'பிறந்த மண்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். பிறந்த மண்ணில் யாரும் குடியிருக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, ஆசனத்தில் உட்காரக் கூடாது. ராஜாவே போனாலும் தரையில்தான் உட்கார வேண்டும். மூதாதை பிறந்த இடத்துக்கே இவ்வளவு என்றால் அண்டம் பிறந்த இடத்துக்குக் கேட்கவா வேண்டும்? வீட்டை உடனே காலி செய்யச் சொல்லி நாகலிங்கத்துக்கு ஆள் வந்துவிட்டது.

அவன் மனைவி தையல்நாயகி அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, இத்தனை பெரிய அண்டம் பொறக்கறதுக்கு என் அடுப்படிதானா கெடச்சுது?"

நாகலிங்கம் சிரித்து வைத்தான். ஆனால் வீட்டை விட மனசில்லை. அது அவன் அப்பா கல் சுமந்து கட்டிய வீடு. வாயால் சம்பாதித்த வினை, வாயால்தான் தீர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அப்போது தையல்நாயகி எண்ணெயில் போட்ட பூரி ஒன்று உப்பி எழுந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் சபைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். என்ன வேஷம் இது என்று ராஜா கேட்டார்.

"பிறந்த மண்ணாச்சே மகாராஜா. வேற எப்படி உட்கார?"

"அது உன் வீடல்லவா?"

"ஜோசியர் கணக்கு சரிதான். என் வீட்டோட நிறுத்திட்டார், அவ்வளவுதான்."

அனுமதி கேட்டு, சமையல்காரரை எண்ணெய்ச் சட்டியோடு சபைக்கே வரவழைத்தான். சின்னதாக ஒரு பூரி இட்டு, மேலே நெருக்கமாக எள்ளை அழுத்தினான். எண்ணெயில் விழுந்ததும் அது பந்தாக உப்பியது. ஒட்டிக் கிடந்த எள்ளெல்லாம் ஒன்றை விட்டு ஒன்று விலகிப் போயிருந்தன. இதில் எந்த எள் மற்றதை விட்டு ஓடியது என்று கேட்டான். ராஜா பூரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த எள்ளிலிருந்து பார்த்தாலும் மற்றதெல்லாம் தன்னை விட்டு ஓடியதாகத்தான் தெரியும் போலிருந்தது. மேல்தோலில் நடு என்று ஒரு இடமும் அகப்படவில்லை.

எள் ஓடவில்லை, அதைத் தாங்கிய மாவே விரிந்தது என்றான் நாகலிங்கம். அண்டம் ஒரு மூலையில் பிறந்து மற்ற இடங்களுக்குப் பரவவில்லை. எல்லா இடமும் அன்று அந்த ஒடுக்கத்துக்குள்ளேயே இருந்தது. அவன் அடுப்படியும் இருந்தது, ஜோசியர் வீட்டுக் கூடமும் இருந்தது, இந்தச் சபையும் இருந்தது.

ஜோசியர் பூரிக்கும் அண்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சீறினார். விருந்தினர் மாளிகையிலிருந்து பேராசிரியரை அழைத்து வந்தார்கள். பூரியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இதைத்தான் மகாராஜா அன்றைக்கு நானும் சொன்னேன். எண்ணெய் இல்லாமல் சொன்னேன், அதுதான் வித்தியாசம்."

"அப்படின்னா," என்று நாகலிங்கம் பணிவாகக் கேட்டான், "மகாராஜாவோட சிம்மாசனத்துக்குக் கீழே இருக்கறதும் பிறந்த மண்தானே?"

சபை முழுவதும் சிம்மாசனத்தைப் பார்த்தது. ராஜா தன் கால் செருப்பைப் பார்த்தார். வழக்கப்படி அவர் இறங்கித் தரையில் உட்கார வேண்டும், அரண்மனையையும் காலி செய்ய வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வழக்கம் மூதாதையின் தொழுவத்துக்கு மட்டுமே பொருந்தும், மண்டப உத்தரவு ரத்து என்று அறிவித்தார். நாகலிங்கத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனாலும் ராஜாவுக்கு மனசு ஆறவில்லை. அண்டத்தின் நடு கைக்கு வந்து நழுவினால் யாருக்குத்தான் ஆறும்?

"அதெல்லாம் இருக்கட்டும் நாகலிங்கம். நாம் வீதியில் போனால் ஜனங்களும்தான் நம்மை விட்டு விலகி ஓடுகிறார்கள். நாம் நடு இல்லையென்றால் அது ஏன்?"

நாகலிங்கம் எழுந்து கைகட்டி நின்றான்.

"நட்சத்திரங்கள் மகாராஜா யாருன்னு தெரியாம ஓடுது. ஜனங்க தெரிஞ்சு ஓடறாங்க."

ராஜா ஒரு கணம் யோசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், தோளிலிருந்த சால்வையை எடுத்து நாகலிங்கத்துக்குப் போர்த்தினார். சிரிக்காமல் இருந்தால் அது உண்மையென்று ஆகிவிடும் அல்லவா?