சாரையின் பின்னால் வந்த சரசரப்பு

ஒரு காட்டில் காற்றே அடிக்கவில்லை. ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் ஏதோ சரசரத்தது.

சாரைப்பாம்பு திரும்பிப் பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. அதற்குச் சட்டை உரிக்கும் காலம். பழைய தோல் வெளுத்து, கண்மேல் பால்போலப் படர்ந்திருந்தது. அது நகர்ந்தது, சரசரப்பும் நகர்ந்தது. அது நின்றது, சரசரப்பும் நின்றது.

அன்றே உறக்கம் போயிற்று. உடம்பெல்லாம் அரிப்பு. கல்லில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணானதுதான் மிச்சம். தோல் இறுகியதே தவிர, கழலவில்லை. பார்வையும் மங்கிக்கொண்டே போனது. கண் போனால் இரை ஏது, பிள்ளைகளே?

அதன் புற்றின்மேல் வெகுநாளாக ஆசை வைத்திருந்த உடும்பு வந்தது. சாரை நடந்ததைச் சொல்லி அழுதது. உடும்பு சாரையின் வாலைப் பார்த்தது, சிரிப்பை விழுங்கிக்கொண்டது.

"பேய்தான் தம்பி. நின்றால் பிடித்துவிடும், ஓடிக்கொண்டே இரு. உன் புற்றுக்கு நான் காவல்."

"கூலி என்ன அண்ணே?"

"உன் இஷ்டம்."

கெட்டிக்காரத் திருடன் விலை சொல்லமாட்டான். பயந்தவன் வாயாலேயே சொல்ல வைப்பான். சாரை பாதிப் புற்று என்றது. உடும்பு பெருமூச்சு விட்டது. முழுப் புற்றும் என்றது சாரை. உடும்பு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

சாரை ஓடி ஓடி, ஓடைக்கரைப் பாசியில் விழுந்தது. அங்கே ஓர் ஆமை கண்மூடிக் கிடந்தது.

"அது வருகிறது, ஆமையாரே."

"வரட்டும். அதைச் சட்டை செய்யாதே."

சாரைக்கு ஓடவும் வலுவில்லை. தின்றால் தின்னட்டும் என்று ஈரப்பாசியில் கிடந்தது. மூச்சு அடங்கியது. முறுக்கேறிய உடம்பு தளர்ந்தது. மூக்கு நுனியில் தோல் மெல்லப் பிளந்தது. சாரை கரையோர வேர்களுக்கிடையே நெளிந்து நெளிந்து, சட்டை முழுவதையும் கழற்றிவிட்டு வெளியே வந்தது. கண் பளிச்சென்று தெரிந்தது.

திரும்பிப் பார்த்தது. பின்னால் நீளமாக, வெள்ளையாக ஒன்று கிடந்தது. சாரையின் முகமேதான், உள்ளே யாரும் இல்லை. சாரை அதை இழுத்துப் பார்த்தது. வாலோரம் முள்ளில் கிழிந்த துண்டு ஒன்று சருகில் உரசிற்று. சர... சர...

"அடப்பாவி, நானா?" என்றது சாரை.

பிறகு அதற்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? சட்டையைக் கவ்விக்கொண்டு போய், புற்று வாசலில் மாட்டிவிட்டுப் புல்லுக்குள் பதுங்கியது. அப்போதுதான் காற்று எழுந்தது.

வாசலில் ஒரு வெறும் முகம் ஆடுவதை உடும்பு பார்த்தது.

"தம்பி, நீதானே?"

சரசரப்புதான் கேட்டது. உடும்பு அதைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து ஓடியது. அதன் பின்கால் நகத்தில் சட்டையின் துண்டு ஒன்று சிக்கிக்கொண்டது.

அந்த உடும்பு இன்னும் ஓடுகிறது. இடையிடையே நின்று சொறிந்துகொள்கிறது. திரும்பித் திரும்பிப் பார்க்கிறது.

நீதி: பயத்தைச் சட்டை செய்தால் தோல் இறுகும், மனம் ஓய்ந்தால் சட்டை தானே கழலும்.