கம்பிக்கு அந்தப் பக்கம்

"எந்த சாஃப்ட்வேர் வாங்கினா குழந்தை வெளியே போகாது, மிஸ்?"

சபூரா திரும்பிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் மேல் படிந்திருந்த இரும்புத் தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் குழந்தை?"

"படத்துல இருக்கிற குழந்தை."

துணி நின்றது.

கோயம்புத்தூர் கணபதியில், தகடு வெட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த வகுப்பு. கீழே மெஷின் ஓடினால் மேலே தரை அதிரும். சபூரா அங்கே கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொள்ள வந்த தெக்லா அவளைவிட மூத்தவள். சபூரா அவளை அக்கா என்பாள். தெக்லா சபூராவை மிஸ் என்பாள். கான்வென்ட்டில் படித்தவளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவர் யாரானாலும் மிஸ்தான்.

தெக்லாவுக்கு வரையவேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு கேட்.

அவள் வீடு நாலாவது மாடி. பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் நிற்பதில்லை. மகள் ஜெம்மு தவழ ஆரம்பித்திருந்தாள். கடையில் கிடைக்கும் கேட் எதுவும் அந்த வாசலின் அகலத்துக்குப் பொருந்தவில்லை. தானே வரைந்து, கீழே பட்டறையில் வெட்டி மாட்டிவிடலாம் என்று வந்தவள். நாளைக் காலையில் தகடு மெஷினில் ஏறுகிறது.

ஜெம்மு இப்போது அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து, அவள் தாலிச் செயினை வாயில் வைத்திருந்தாள்.

"உட்காருங்கக்கா. முதல்லேருந்து சொல்லுங்க."

"முதல்ல இலவசமா கிடைக்கிறதுல வரைஞ்சேன். ஹால், பால்கனி, நடுவுல கேட். மேலேருந்து பார்க்கிற மாதிரி. பக்கத்துலயே கேட்டை முன்னாலேருந்து பார்க்கிற மாதிரி ஒண்ணு."

"சரி."

"அளவு புரியட்டும்னு அதுல இருக்கிற ரெடிமேட் குழந்தைப் படம் ஒண்ணை எடுத்து ஹால்ல வச்சேன். தவழுற குழந்தை."

"ம்."

"மறுநாள் திறந்தா, அது பால்கனியில இருக்கு."

சபூரா துணியோடு எதிரே உட்கார்ந்தாள்.

"என் கைதான் பட்டிருக்கும்னு திரும்ப ஹால்ல கொண்டுவந்து வச்சேன். அடுத்த நாளும் பால்கனி. இலவசம்னா இப்படித்தான் இருக்கும்னு எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறார்."

"அப்புறம்?"

"வருஷ வாடகைக்குத் தர்றாங்களே, பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் வச்சிருக்கிறது. கொஞ்ச நாள் சும்மா பார்க்கக் கொடுத்தாங்க. அதுல முழுக்கப் புதுசா வரைஞ்சேன்."

"அதுலயும்?"

"அதுலயும்."

கீழே மெஷின் ஓட ஆரம்பித்தது. மேஜைமேல் இருந்த டம்ளர் தானாக ஒரு விரல் நகர்ந்து நின்றது.

"மூணாவதா, ஒரு தடவை பணம் கட்டினா போதும், எப்பவும் நம்மளுதுன்னு ஒண்ணு இருக்கு மிஸ். விலையும் கம்மி. அதையும் போட்டுப் பார்த்தேன்." தெக்லாவின் குரல் இறங்கியது. "அதுல குழந்தைப் படமே கிடையாது. நான் வைக்கவும் இல்லை."

"ஆனா இருந்துச்சு."

"பால்கனியில. என்னைப் பார்த்துக்கிட்டு."

சபூரா துணியை மடித்து வைத்தாள்.

"மேலேருந்து பார்க்கிற படம்தானே அக்கா? முகம் எப்படித் தெரிஞ்சுது?"

தெக்லா ஜெம்முவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். குழந்தை நெளிந்தது.

"ஒருவேளை வாடகைக்காரங்களுதைத்தான் முழுசா வாங்கணுமோ? கடன் வாங்கியாவது வாங்கிடறேன் மிஸ். எது நல்லதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா வாங்கிடுவேன்."

"படத்தைக் காட்டுங்க."

தெக்லா பென் டிரைவைக் கொடுத்தாள். சபூரா அதைச் செருகி, கோப்பைத் திறந்தாள். ஹால் இருந்தது. பால்கனி இருந்தது. நடுவில் கம்பிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு இடைவெளிக்கும் நேராகச் சுத்தமாகத் தொண்ணூறு மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது.

பால்கனியில் குழந்தை இருந்தது. இடது முழங்கால் மடங்கியிருந்தது. ஒரு கை தூக்கியிருந்தது.

சபூரா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கே மிஸ்?"

"கீழே. வந்திடறேன்."

செருப்புச் சத்தம் இரும்புப் படியில் இறங்கிப்போனது.

மெஷின் நின்றது. மறுபடி ஓடியது. அதன் சீற்றம் தரை வழியாகத் தெக்லாவின் பாதத்தில் ஏறியது. கோப்பு திரையில் இன்னும் திறந்தபடியே இருந்தது. அவள் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஜெம்மு அவள் தோளுக்கு மேலே எட்டித் திரையைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள்.

சபூரா திரும்பி வந்தபோது பின்னால் பட்டறைக்காரர் மயில்சாமி ஒரு பிளைவுட் பலகையைத் தூக்கி வந்தார். ஒதுக்கிப்போட்டிருந்த பலகை. அதில் தெக்லாவின் கேட் அப்படியே வெட்டப்பட்டிருந்தது.

"ஏனுங்க, வீட்ல ஆடு வளக்கறீங்களா?" என்று சிரித்தார் மயில்சாமி.

"இல்லைங்க. பாப்பாவுக்கு."

அவர் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. சுவரோரம் பலகையைச் சாய்த்துவிட்டு இறங்கிப் போனார்.

வகுப்பை ஒட்டி, பழைய கம்ப்யூட்டர்கள் அடுக்கிய ஒரு சின்ன அறை உண்டு. அதில் விளக்குக் கிடையாது. சபூரா அதன் வாசலில் பலகையை நிறுத்தி, இரண்டு பக்கமும் நாற்காலி வைத்து அண்டைகொடுத்தாள். ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"பாப்பாவை விடுங்க."

"கீழேயா? தூசி மிஸ்."

"விடுங்கக்கா."

தெக்லா விட்டாள்.

ஜெம்மு தரையைத் தட்டினாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் இருட்டு அறைப் பக்கம் யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைத் திருப்பினாள். தவழ்ந்தாள். கம்பியைப் பிடித்தாள்.

"பார்த்தீங்களா, நிக்குது" என்றாள் தெக்லா.

முதலில் ஒரு கை போனது. பிறகு குழந்தை தலையைப் பக்கவாட்டில் சாய்த்தது. காது கட்டையில் உரசியது. தலை போனது. தோள் போனது. அழவில்லை, ஒரு சத்தம்கூட இல்லை. கடைசியாக ஒரு பாதம் இந்தப் பக்கம் தெரிந்தது. அதுவும் போய்விட்டது.

தெக்லா ஓடிவந்து பலகை முன்னால் மண்டியிட்டாள்.

இருட்டுக்குள் ஜெம்மு திரும்பி உட்கார்ந்திருந்தாள். இடது முழங்கால் மடங்கியிருந்தது. ஒரு கை தூக்கியிருந்தது. கம்பிகளுக்கு இடையில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெக்லா இடைவெளியில் கையை விட்டுக் குழந்தையைப் பிடித்தாள். கை தோள்வரை உள்ளே போனது.

"தொண்ணூறு போட்டிருக்கேன் மிஸ். தொண்ணூறுல தலை போகாது. படிச்சுப் பார்த்துத்தான் போட்டேன்."

"எங்கே போட்டீங்க?"

"படத்துல. மூணுலயும் போட்டேன்."

"எப்படிப் போட்டீங்க?"

"முதல்ல அது நூத்தி ஐம்பதுன்னு காட்டுச்சு. அந்த நம்பர் மேல ரெண்டு தட்டு தட்டினேன். திறந்துச்சு. தொண்ணூறுன்னு அடிச்சேன். மாறிடுச்சு."

"எது மாறிச்சு?"

"நம்பர்தான்... கம்பி இருந்த இடத்துலயே இருக்கு."

தெக்லா பலகையைத் திரும்பப் பார்த்தாள்.

சபூரா நாற்காலியை நகர்த்திப் பலகையை எடுத்தாள். ஜெம்மு வெளியே வந்து, ஒன்றும் நடக்காதது போல அவள் செருப்பைப் பிடித்து இழுத்தாள்.

தெக்லா குழந்தையைத் தூக்கவில்லை. எழுந்து நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனாள். திருப்பிப்போட்டிருந்த நாற்காலியைத் திரையைப் பார்க்கத் திருப்பினாள். உட்கார்ந்தாள்.

திரையிலிருந்த குழந்தை அவளையே பார்த்தது. அவளும் பார்த்தாள். இந்தத் தடவை அதைத் தூக்கி ஹாலில் வைக்கவில்லை.

இடைவெளிகளில் எழுதியிருந்த தொண்ணூறுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து நூற்று ஐம்பது எழும்பி வந்தது. அப்புறம் முதல் கம்பியின் கோட்டைப் பிடித்தாள். நகர்த்தினாள். அளந்தாள். அடுத்த கம்பியைப் பிடித்தாள். கம்பி போதவில்லை. புதிதாக ஒன்று போட்டாள். இன்னொன்று போட்டாள்.

கீழே மெஷின் நின்றிருந்தது. சபூரா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

"இது எதுலக்கா வரையறீங்க? இலவசமா, வாடகையா, சொந்தமா?"

"பார்க்கலை மிஸ்" என்றாள் தெக்லா, அடுத்த கோட்டைப் பிடித்தபடி.