பூசணிக் குஞ்சு சேவலா, பெட்டையா?

மூங்கில் காட்டின் ஓரத்தில் ஓர் இலந்தைப் புதர். அதற்குள் செம்பி என்ற கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இருபத்தோராம் நாள் காலையில் முட்டைகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டன. ஒன்று, இரண்டு, மூன்று... மொத்தம் ஒன்பது குஞ்சுகள்!

செம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "வந்து பாருங்கள்! என் குஞ்சுகளை வந்து பாருங்கள்!" என்று காடே கேட்கும்படி கொக்கரித்தது.

முதலில் வந்தது கௌதாரி. புதருக்குள் எட்டிப் பார்த்தது.

"அடேயப்பா! மஞ்சள் ஒன்று, கறுப்பு ஒன்று, வரி போட்டது ஒன்று. இதில் எது சேவல், எது பெட்டை?"

"தெரியவில்லையே!"

"எந்த இனம்? உடம்பு பெருக்கும் பெருவிடையா, குட்டையாகவே நிற்கும் சிறுவிடையா?"

"அதுவும் தெரியாது. இரண்டு இனக் கோழிகளும் இங்கே முட்டையிட்டுப் போயின. எல்லாவற்றையும் நான்தான் அடைகாத்தேன்."

"நன்றாக இருக்கிறது! பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத தாயா!" கௌதாரி சிரித்துவிட்டுப் பறந்தது.

அந்தச் சிரிப்பு செம்பியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒவ்வொரு குஞ்சையும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கொண்டை இல்லை, நீண்ட வால் இல்லை. எல்லாம் பஞ்சுருண்டைகள்! நாள் முழுக்க இதையே வாய்விட்டுப் புலம்பியது.

புலம்பல் ஒரு கீரியின் காதில் விழுந்தது. ஐந்தாம் நாள் அது புதருக்கு வெளியே வந்து நின்று, பணிவாகக் கும்பிட்டது.

"தாயே, பயப்படாதே! இந்த இலந்தை முள்ளைத் தாண்டி என்னால் வர முடியாது, வரவும் மாட்டேன். நான் குஞ்சு பார்க்கிறவன். ஒரே பார்வையில் இனத்தைச் சொல்வேன், சேவலா பெட்டையா என்றும் சொல்வேன்!"

"நிஜமாகவா!" செம்பி துள்ளி எழுந்தது.

"குஞ்சு பொரித்து எத்தனை நாள் ஆகிறது?"

"ஐந்து நாள்."

"ஐயோ!" கீரி தலையில் அடித்துக்கொண்டது. "ஆறாம் நாள் சேவல் குஞ்சுகளுக்கு வெறி பிடிக்குமே! கூடப் பிறந்த பெட்டைகளைக் கொத்தியே கொன்றுவிடுமே! இன்றைக்கே பிரித்தாக வேண்டும்! சேவல்களை என்னிடம் அனுப்பு. வெறி தெளிந்ததும் கொண்டுவந்து விடுகிறேன்."

செம்பி பயந்துபோனது. யோசிக்க நேரமே இல்லை! குஞ்சுகளை முள்வேலி ஓரமாக ஒவ்வொன்றாக நிறுத்தியது.

"இது சேவல்!" என்றது கீரி. "இது பெட்டை! இதுவும் பெட்டை! ஆகா, இந்த மஞ்சள் குஞ்சைப் பார்! அசல் பெருவிடைச் சேவல்! முதலில் இதை அனுப்பு, இதற்குத்தான் வெறி அதிகம்!"

அந்த மஞ்சள் குஞ்சு நன்றாகக் கொழுத்திருந்தது. அதனால் அதன் பெயரே பூசணி.

"போ கண்ணே, இரண்டு நாள்தான்" என்று செம்பி அதை மூக்கால் தள்ளியது.

"மாட்டேன்! அம்மா, நான் யாரையும் கொத்தமாட்டேன்! நான் போகமாட்டேன்!"

பூசணி திமிறியது. திமிறிய வேகத்தில் கால் இடறி, புதருக்குள் தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் 'தொபுக்' என்று விழுந்தது! செம்பி பதறிப்போய் அதை அலகால் கவ்வி வெளியே இழுத்தது. மேலிருந்த பஞ்செல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது. பூசணி இப்போது வற்றிய சுண்டைக்காய் போல இருந்தது.

கீரி முகத்தைச் சுளித்தது. "இது எங்கிருந்து வந்தது? சீ, எலும்பும் தோலுமாக! இது சிறுவிடைப் பெட்டை. நீயே வைத்துக்கொள். அந்தப் பெருவிடைச் சேவல் எங்கே?"

செம்பி திடுக்கிட்டது. ஒரே குஞ்சு! ஒரு நொடிக்கு முன் பெருவிடைச் சேவல், இப்போது சிறுவிடைப் பெட்டையா? அது மற்றக் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தது. கீரி சேவல் என்றதெல்லாம் கொழுத்தவை. பெட்டை என்றதெல்லாம் மெலிந்தவை!

'பாவி! இவன் இனமும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. கறியைப் பார்க்கிறான்!'

செம்பிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. பூசணியைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு சொன்னது:

"ஐயா, இந்தக் குஞ்சுகள் எங்கே போய்விடும்? முதலில் அந்தப் பாறைக்கடியில் இருப்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். அதோ தெரிகிறதே, அந்த வளை! அதற்குள் படுத்திருப்பதைப் போலக் கொழுத்த உடம்பை இந்தக் காட்டிலேயே பார்க்க முடியாது!"

"வளைக்குள்ளா? முள்வேலிகூட இல்லையே!" கீரியின் நாக்கில் எச்சில் ஊறியது. "இதோ, பார்த்துச் சொல்கிறேன்!"

நாலே பாய்ச்சல்! கீரி தலையை வளைக்குள் நுழைத்தது.

அங்கே முள்ளம்பன்றி ஒன்று வாசலுக்கு முதுகைக் காட்டிப் பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தது. மூஞ்சி பட்டதும் அது 'சர்ர்' என்று முட்களைச் சிலிர்த்துப் பின்னால் இடித்தது.

"ஐயோ! அம்மா! என் மூக்கு!"

மூக்கில் மூன்று முட்கள், தாடையில் இரண்டு. கீரி அலறிக்கொண்டு ஓடியது!

"இப்போது சொல்லுங்கள் ஐயா! சேவலா, பெட்டையா?" செம்பி கத்திக் கேட்டது. ஒன்பது குஞ்சுகளும் கீச்சுக்கீச்சென்று ஆரவாரம் செய்தன. கீரி திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆறாம் நாள் வந்தது. யாருக்கும் வெறி பிடிக்கவில்லை. எல்லாக் குஞ்சுகளும் ஒரே கரையானுக்குச் சண்டை போட்டு, ஒரே சிறகுக்குள் தூங்கின.

இரண்டு மாதம் போனது. நான்கு குஞ்சுகளுக்குக் கொண்டை சிவந்து தடித்தது. இடுப்பில் கூர்கூரான இறகுகள் பளபளவென்று தொங்கின. அவை சேவல்கள். அவற்றில் மூன்று, கீரி பெட்டை என்று ஒதுக்கிய எலும்பும் தோலும்! பூசணியோ சின்னக் கொண்டையோடு அடக்கமாக நின்றது. அசல் பெருவிடைப் பெட்டை.

"யாரையும் கேட்காமல் எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கௌதாரி வியந்தது.

"காத்திருந்தேன், அவையே சொல்லின!" என்றது செம்பி.

பயம் காட்டி அவசரப்படுத்துகிறவன் எவ்வளவு பெரிய நிபுணனாகப் பேசினாலும், அவன் சொல்லைச் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.