மருதப்பன் கட்டின நேர் மூலை

ஒரு ஊர்ல ஒரு கடைத்தெரு. படுத்துக்கோ, எழுந்து உக்காந்தா அத்தை கதையை நிறுத்திடுவேன். அந்தத் தெருவுல எல்லாமே நூறு வருஷத்துக் கட்டடம். மரப் பால்கனி, கலர்க் கண்ணாடி ஜன்னல். தெரு திரும்புற மூலையில மருதப்பனோட மாடிக் கட்டடம். அதுக்கு மட்டும் மூலையே கிடையாது. வெல்லக்கட்டியில ஓரத்தை வெட்டி எடுத்த மாதிரி, கீழேருந்து மாடி வரைக்கும் சாய்வா இருக்கும். கேக்கறியா?

ம்.

இடம் வீணாப் போகுதேன்னு மருதப்பன் ஒரே புலம்பல். அப்புறம் கொத்தனார் சூசையைக் கூப்பிட்டாரு. சூசை தடவிப் பாத்துட்டு, கட்டும்போதே வேணும்னு இப்படிக் கட்டியிருக்காங்க, எதுக்குன்னுதான் தெரியலன்னாரு. எங்க தாத்தாவுக்கு மூலை பிடிக்கத் தெரியலன்னு சிரிச்சாரு மருதப்பன். சிரிப்பைப் பாரு! சாய்வுச் சுவரை இடிச்சு, டக் டக்குன்னு செங்கல் ஏத்தி, மூலையை நேராக்கிட்டாரு.

அந்த வாரமே தேரு. சக்கரம் ஒடிஞ்சு நாப்பது வருஷமா நின்ன தேரு. புதுச் சக்கரத்துக்கு ஊர் ஊரா அலைஞ்சது யாருங்கற? இதே மருதப்பன்தான். பொழுது சாயறதுக்குள்ள தேர் நிலைக்குப் போயிடணுமேன்னு வாசலுக்கும் தெருவுக்குமா நடக்கறாரு.

அப்போ தேர் வருது, கடகட கடகட! மூலைக்கு வந்துச்சு. டமார்! மேல்தட்டு புதுச் சுவத்துல இடிச்சுடுச்சு. பின்னாடி தள்ளி மறுபடி இழுத்தாங்க. டமார்! சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திருப்பினாங்க. கர்ர்ர்... டமார்! வெயில் இறங்குது, தேர் நகரல. தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்பத்தான் மருதப்பனுக்கு உறைச்சுது. தாத்தா தன் இடத்தை விட்டுக்கொடுத்துத் தேருக்கு வழி பண்ணியிருக்காரு. வெக்கமாப் போச்சு மனுஷனுக்கு. ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்தாரு.

"ஐயா, இன்னும் ஈரமே காயலியே"ன்னாரு சூசை.

"அப்ப சீக்கிரம் உடையும். வாய்யா."

மடமடன்னு சுவர் சரிஞ்சுது. இழுத்தாங்க. நாலே நாலு விரல் இடைவெளி, தேர் திரும்பிடுச்சு! எனக்கு இப்பவும் புல்லரிக்குது, கையைத் தொட்டுப் பாரு. தலையெல்லாம் மண்ணோட வடத்தைப் புடிச்ச மருதப்பன் நிலை வரைக்கும் விடவேயில்ல. வீடு ஒரு பக்கம் சுவரில்லாம தெறந்து கிடக்குது, திரும்பிக்கூடப் பாக்கல.

மறுநாள் சூசை அளவுநாடாவோட வந்து, மூலைக்கு என்ன அளவு வைக்கறதுன்னு கேட்டாரு.

"என்னைக் கேக்காதே. போய்த் தேரை அளந்துட்டு வா"ன்னாரு மருதப்பன்.

அவ்வளவுதான். தேரும் நிலைக்குப் போயாச்சு, கதையும் நிலைக்கு வந்தாச்சு. கண்ணை மூடு.