பெட்டிக்குள் நின்றுபோன 'ஆனால்'

பாலிடெக்னிக் முதல்வர் மணவாளமூர்த்திக்கு எதையும் படிக்கப் பொறுமை கிடையாது. எழுத மட்டும் கை ஓயாது. தற்காலிக கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தாட்சாயினியின் பணி நீட்டிப்புப் படிவம் வந்ததும், அவளை அனுப்பிவிடுவதென்று முடிவு கட்டி, திரையில் 'குறிப்பு' என்ற பெட்டிக்குள் தட்டித் தள்ளினார். மரியாதைக்கு நாலு வரி பாராட்டு. பிறகு 'ஆனால்' போட்டு நாற்பது வரி திட்டு.

அச்செடுக்க வந்த தாட்சாயினி சொன்னாள்: "சார், அந்தப் பெட்டி சின்னது. கண்ணுக்குத் தெரியற முதல் நாலு வரிதான் பிரிண்ட்ல வரும். பெரிசு பண்ணட்டுமா?"

"எனக்கே பாடமா? ஸ்கிரீன்ல இருக்கிறது அப்படியே வரணும். ஒண்ணையும் தொடாதே!"

"அப்படியேவா சார்?"

"அப்படியே!"

அப்படியே அச்சடித்துக் கொடுத்தாள். அவரும் வழக்கம்போல் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நிர்வாகக் குழுவில் தாளாளர் அம்மாள் அதை உரக்கப் படித்தார். "நேர்மையானவர், நேரம் தவறாதவர், இவரைப் போல் வேலை செய்பவர் அரிது. பேஷ்! மூணு வருஷம் நீட்டிச்சாச்சு."

முதல்வருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. தாளை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "இதுல ஒரு 'ஆனால்' இருந்ததே?"

"உங்க கையெழுத்துதானே சார்? படிச்சுட்டுத்தானே போட்டீங்க?" என்றார் தாளாளர் அம்மாள்.

"படிச்சேன்" என்று முனகினார்.

வெளியே வந்ததும் தாட்சாயினியைப் பிடித்தார். "மிச்ச நாற்பது வரி எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலை சார், பெட்டிக்குள்ளேயே பத்திரமா இருக்கு. அடுத்த தடவை திட்டை முதல்ல எழுதிடுங்க."