தட்டிக்குப் பின்னால் ராஜா

வல்லக்குறிச்சி ராஜா மகுடவர்மருக்குக் கோழி வளர்ப்பதில் அப்படியொரு பித்து. அரண்மனைப் பண்ணையில் முந்நூறு கோழிகள். பார்த்துக்கொள்பவள் பூவாயி.

ஒரு நாள் அவள் அலறிக்கொண்டு சபைக்கு ஓடி வந்தாள்.

"மகாராஜா, கோழிங்களுக்குச் சீக்கு வந்திருக்கு. பச்சையாக் கழியுது. நேத்து நாலு செத்துப்போச்சு, புதைச்சுட்டேன். சீக்குக் கோழியப் பிரிக்கலேன்னா மிச்சமும் போயிடும்!"

இன்றைக்கு பாக்டீரியா என்கிறோமே, அந்தக் கிருமிதான். அன்றைக்கு அதற்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாவிட்டால் என்ன, அதற்குக் கொல்லத் தெரிந்திருந்தது.

ராஜா வைத்தியர் வேதகிரியோடு, மேளதாளத்தோடு பண்ணைக்குப் போனார். மிச்சமிருந்த கோழிகள் அத்தனையும் கழுத்தை நிமிர்த்தி விறைப்பாக நின்றன.

"எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கின்றன. நாலையும் இவளே குழம்பு வைத்துத் தின்றுவிட்டுக் கதை அளக்கிறாள்" என்றார் வைத்தியர்.

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைப் பொழுது சாய்வதற்குள் நோய்க் கோழியைக் காட்டு. இல்லாவிட்டால் நாட்டை விட்டே போ!"

பூவாயி அழுதுவிட்டாள். பாவம், அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

சபை விகடகவி கடம்பன் முன்னால் வந்தான். "நான் காட்டுகிறேன் மகாராஜா. ஆனால் நீங்கள் வந்தது யாருக்கும் தெரியக்கூடாது."

"யாருக்கும் என்றால்?"

"கோழிகளுக்குத்தான்."

மறுநாள் காலை மேளமில்லை, பல்லக்கில்லை. ராஜாவும் வைத்தியரும் ஓலைத் தட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். "இருமக்கூடாது" என்றான் கடம்பன். ராஜாவிடம் அப்படிச் சொல்ல அவனால்தான் முடியும்!

கொஞ்ச நேரம் போனது. ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒரு சேவல் இறக்கையைத் தொங்கப் போட்டது. கொண்டை கறுத்த பெட்டை ஒன்று கண் செருகி மூலையில் ஒடுங்கியது. ராஜா விரல் விட்டு எண்ணினார். பதினேழு! பூவாயி ஓடி வந்து அவற்றைத் தனியே அடைத்தாள். வைத்தியர் முகத்தில் ஈயாடவில்லை.

"நேற்று நன்றாகத்தானே நின்றன?" என்று கேட்டார் ராஜா.

"சோர்ந்து நின்றால் பருந்து தூக்கிவிடும் என்ற பயம், மகாராஜா. பெரிய ஆள் எதிரே வந்தால் நோயை மறைத்துக்கொள்ளும். நம் மந்திரிகளும் தினமும் 'எல்லாம் நலம்' என்று விறைப்பாகத்தானே நிற்கிறார்கள்?"

ராஜா ஒரு கணம் திகைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பூவாயிக்குப் பட்டுச்சேலை, கடம்பனுக்குப் பொன்முடிப்பு. "நாளைக்கே சபையிலும் ஒரு தட்டி கட்டுங்கள்!" என்று உத்தரவும் போட்டார்.

மறுநாள் தட்டி தயார். மந்திரிகளில் பாதிப் பேரைத்தான் காணோம். எல்லோருக்கும் திடீரென்று உடம்பு சரியில்லையாம்!